கிளட்ச் வைத்த கம்ப்யூட்டர்

"அத்தானுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்டா" என்று அக்கா போனில் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். விளையாடத்தான் என்றாள்.

அத்தானுக்கு வயது ஐம்பத்தைந்து. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியவர். அவர் எதையும் விளையாடி நான் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் மற்றவர்கள் சீட்டுக்கட்டைப் பிரிக்கும்போது இவர் மண்டப வாசலுக்குப் போய், வந்திருக்கிற வண்டிகளை யார் யார் எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அக்கா சொன்னதை நான் உடனே நம்பவில்லை. நான் ஒரு நாளிதழின் தஞ்சாவூர் அலுவலகத்தில் செய்தி திருத்துகிறவன். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"நேர்ல வந்து பாத்துட்டுப் பேசு" என்றாள். மறுநாள் எனக்கு விடுப்பு. போனேன்.

அவர்கள் வீடு நீடாமங்கலத்துக்கு வெளியே, ரயில்வே கேட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் வயல். அந்தக் கேட்டை, அந்தச் சாலையில் ஒரு முறை போனவர்கள்கூட மறந்திருக்க மாட்டார்கள். சாத்தினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும், வேர்க்கடலை விற்பவர் ஜன்னல் ஜன்னலாக வருவார், பயணிகள் இறங்கி நின்று தண்டவாளத்தைப் பார்ப்பார்கள். எல்லாரும் அதைத் திட்டினார்கள். அக்கா மட்டும் அது சாத்தியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மதிய நடையில் அத்தானின் பஸ் வரும் நேரத்தில் கேட் சாத்தியிருந்தால், டிபன் கேரியரோடு போய் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாப்பாட்டைக் கொடுப்பாள். கண்டக்டருக்கும் சேர்த்துத்தான் வைத்திருப்பாள். கேட் திறந்திருந்தால் அத்தான் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு அவருக்கு டெப்போ கேன்டீன், அக்காவுக்கு இரவு வரைக்கும் அதே குழம்பு.

போன மாசியில் ஒரு நாள் கொரடாச்சேரி நிறுத்தத்தில் பஸ் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி எடுக்கவில்லை. மறுபடியும் இரண்டு விசில். எடுக்கவில்லை. முன்னால் போய்ப் பார்த்தபோது அத்தான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது கால் கிளட்சிலிருந்து சரிந்து கிடந்தது. கை பிரேக் போட்டிருந்தது. இந்தச் செய்தி எங்கள் திருவாரூர் நிருபரிடமிருந்து ஆறு வரியில் என் மேசைக்கு வந்தது. முதல் வாக்கியத்தில் ஒரு பிழையைத் திருத்தினேன், தலைப்பு வைத்தேன், ஓட்டுநரின் பெயர் கடைசி வரியில் இருந்தது.

பக்கவாதம். பேச்சு பத்து நாளில் திரும்பியது. இடது கை மெல்ல மெல்ல வந்தது. இடது கால் வந்தும் வராமலும் இருந்தது. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். வேலையிலிருந்து மருத்துவக் காரணம் சொல்லி விடுவித்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் சாலையைப் பார்த்து உட்காரவில்லை. வாசலில் கிடந்த நாற்காலியைக் கொல்லைப் பக்கம் போடச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கேட்டார்; பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை, ஏறவும் இல்லை. அக்கா கொண்டு வந்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். நான்கு கால் நடைவண்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. பழைய கண்டக்டர் வாங்கி வந்த கேரம் போர்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் நின்றது.

நான் போனபோது அவர் கொல்லைப்புற நாற்காலியில் இருந்தார். எதிரே ஸ்டூலில் ஒரு டம்ளர், அதில் சாய்த்து வைத்த போன். போனில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர் அரசுப் பேருந்தின் நிறம் பூசிய பஸ். சாலையும் மலையும் எந்த நாடு என்று தெரியவில்லை. அக்கா என் முழங்கையைத் தொட்டு, கீழே பார் என்று கண்ணைக் காட்டினாள்.

அத்தானின் வலது காலைப் பார்த்தேன். திரையில் பஸ் ஒரு வளைவை நெருங்கியதும் அந்தக் கால் சிமெண்டுத் தரையை மெல்ல அழுத்தியது. வளைவு முடிந்ததும் விட்டது. அவருக்கு அது தெரியவில்லை. மூன்று முறை பார்த்த பிறகு நான் நம்பினேன்.

அடுப்படியில் அக்கா சொன்னாள்: "அந்த மாதிரி ஸ்டீரிங், மிதி எல்லாம் வச்சு விக்கறாங்களாமே. அதுல ஒருதரம் கைய வச்சு ஓட்டிட்டாருன்னா போதும்டா எனக்கு. அதையும் ஒதுக்கிட்டாருன்னா, அதுக்கப்பறம் கொண்டு வந்து வைக்க எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

எங்கள் தொழிலில் எதையும் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். நானும் மூன்று பேரைக் கேட்டேன்: அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவர், எங்கள் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்க வருகிறவர், கீழவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. மூவருமே, கடையில் விற்கும் ஆயத்தப் பெட்டி வேண்டாம், பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்து அசெம்பிள் பண்ணுங்கள் என்றார்கள். என்னென்ன பாகங்கள் என்பதில் மூவரும் ஒத்துப்போகவில்லை. முதல் இருவர் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்த அம்மா மட்டும், "யாரு ஓட்டப்போறா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அவங்கள அழச்சிட்டு வாங்க சார். செருப்பு வாங்கணும்னா கால் வரணும்ல."

ஒரு வெள்ளைத் தாளில் பட்டியலைத் தட்டச்சு செய்து அத்தானிடம் கொடுத்தேன். பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று பத்து வரி. ஒதுக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பாக்காம எப்புடி மாப்ள ஒரு வண்டிய எடுக்கறது?"

ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்காகவும் எட்டு மாதமாக வாசல் தாண்டாதவர் அவர். அக்கா உள்ளே போய் அவருடைய வெளுத்த சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

வாடகைக் காரில் போனோம். அத்தான் பின் இருக்கையில், வலப்பக்க ஜன்னலை ஒட்டி, வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மாப்பேட்டைக்குப் பக்கத்தில் எதிரே வந்த பஸ்ஸின் ஓட்டுநர் எங்கள் காருக்குள் யார் என்று பார்த்துவிட்டாரோ என்னவோ, கை தூக்கினார். அத்தான் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். இதில் என்னால் உறுதியாக எதையும் எழுத முடியாது.

கடை சிறியது. மேசைக்கு மேலே மாதா படம், பக்கத்தில் சுவரை மறைத்து அட்டைப்பெட்டிகள். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். அத்தானுக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, எதிரே வெள்ளைத் துணி விரித்து, பாகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். நகைக்கடையில் வைப்பதுபோல என்று எழுத வந்தது. உண்மையில் மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர்களைப் பரப்புவதுபோலத்தான் இருந்தது.

இதில் எஞ்சின் எது என்று அத்தான் கேட்டார். அந்த அம்மா பிராசஸரைக் காட்டினார். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. பிறகு யோசித்து, விளையாட்டுக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் பெரிது என்று அதையும் காட்டினார்.

"அப்ப ரெண்டு எஞ்சினா?"

"இல்லண்ணே. பிராசஸர் டிரைவர் மாதிரி. கார்டுதான் எஞ்சின்."

"டிரைவர் இதுன்னா, நான் எதுக்கு?"

அந்த அம்மா சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை, அவர் உண்மையாகவே கேட்டார். அந்த அம்மாவும் அதைப் புரிந்துகொண்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது உள்ள இருக்கற வேலைக்காரன்ணே. எங்க போவணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். அத்தான் தலையாட்டினார்.

கிராபிக்ஸ் கார்டில் இரண்டு இருந்தன. ஒன்று புதிது. இன்னொன்று அதைவிட ஒரு படி மேலானது, ஆனால் பயன்படுத்தியது. நான் இரண்டாவதன் பக்கம் இருந்தேன். நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அதன் பக்கம் இருந்தன. அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசிறிகளின் இறக்கைகளை விரலால் சுற்றினார்.

"எத்தன கிலோமீட்டர் ஓடுனது?"

அதெல்லாம் இதில் தெரியாது என்றார் கடைக்காரம்மா.

"எஃப்சி சர்டிபிகேட்?"

"கிடையாதுண்ணே."

"அப்ப புதுசே குடுங்க."

ராமில் அதிகம் யோசிக்கவில்லை. டிக்கெட்டு அதிகம் ஏறினால் சீட்டு அதிகம் வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கியது. ஒன்றாகப் போடுவதைவிட இரண்டாகப் போட்டால் வேகம் என்று கடைக்காரம்மா சொன்னதற்கு, "பின்னாடி ரெட்ட டயர்" என்று மட்டும் சொன்னார். பிராசஸரைக் குளிர்விக்க ஒரு கருவி வேண்டும். தண்ணீர் ஓடுவது ஒன்று, காற்றாடி மட்டும் உள்ளது ஒன்று. படத்தில் தண்ணீர்க் கருவி அழகாக இருந்தது. எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அத்தான் கேட்டார். ஊற்றவே வேண்டாம், உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது என்றார் கடைக்காரம்மா. அத்தான் அதை மெல்லத் தள்ளி வைத்தார். தொறந்து பாக்க முடியாத ரேடியேட்டரை நம்பி நான் எந்த வண்டியும் எடுத்ததில்லை என்றார்.

மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்கிறதை, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக ஏந்தி எடை பார்த்தார். கனமானதை எடுத்தார். கடைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நானும் அப்படித்தாண்ணே பாப்பேன்" என்றார். பிறகு, வயலில் மோட்டார் ஓடும்போது வீட்டில் விளக்கு மங்குமா என்று கேட்டார். மங்கும், மும்முனை மின்சாரம் வந்தால் சுற்றுவட்டாரத்து மோட்டார் அத்தனையும் ஒன்றாக எடுக்கும் என்றார் அத்தான். ஒரு யுபிஎஸ் சேர்ந்தது.

வெளிப்பெட்டியை, அதாவது கேபினட்டை, நான் தேர்ந்தெடுத்தேன். அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் கண்ணாடி, முன்பக்கம் முழுக்கச் சல்லடை, அதற்குப் பின்னால் நிறம் மாறி மாறி ஒளிரும் மூன்று விசிறிகள். அத்தான், இவ்வளவு லைட்டு எதற்கு, டூரிஸ்ட் வண்டியா என்று கேட்டார். நான் சிரித்தேன். கடைக்காரம்மா, காற்று நன்றாகப் போகும் என்றார். வாங்கிவிட்டோம்.

கடைசியாக ஸ்டீரிங். இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் ஸ்டீரிங்கும் இரண்டு மிதிகளும்: ஆக்சிலேட்டர், பிரேக். மற்றதில் மூன்று மிதிகளும் தனியாக ஒரு கியர் கம்பும். முந்தின நாளே நான் கடைக்காரம்மாவிடம் போனில் பேசி, இரண்டு மிதி உள்ளதே போதும் என்று சொல்லியிருந்தேன். இடது காலின் வேலை கிளட்ச். இடது கால் சரியாக வராத இடத்தில் அதை எதற்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அக்காவிடமும் கேட்கவில்லை, அத்தானிடமும் கேட்கவில்லை. கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். பிறகு, நான் சொன்னதை மீறி, இரண்டு பெட்டிகளையும் அத்தானுக்கு முன்னால் வைத்தார்.

அத்தான் பெட்டி மேலிருந்த படங்களைப் பார்த்தார். இரண்டு மிதியுள்ள பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஆட்டோமேட்டிக் மாப்ள. ஒனக்கு வேணா எடுத்துக்க."

மூன்று மிதியுள்ள பெட்டியைத் திறந்து காட்டட்டுமா என்று அந்த அம்மா கேட்டதற்கு வேண்டாம் என்றார். மற்ற எல்லாவற்றையும் கையில் எடுத்து, தட்டி, முகர்ந்துகூடப் பார்த்தவர், ஸ்டீரிங்கை மட்டும் தொடவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லவில்லை.

பாகங்களைப் பூட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. கார் காத்திருக்கிறது, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். எஞ்சின் ஏத்தறப்ப பக்கத்துல இருக்கணும் என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்து பக்கவாட்டுக் கண்ணாடியை மூடியதும், மறுபடி திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு ஒயரைக் கட்டிய நாடாவின் நுனி விசிறியில் படுகிறது, சத்தம் கேட்கிறது என்றார். எனக்குக் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் பட்டுக்கொண்டுதான் இருந்தது. "அண்ணே, நீங்க நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க" என்றார் கடைக்காரம்மா.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கூடத்தில் மேசை போட்டு அமைத்து முடித்தபோது மாலை ஆறரை. பகலில் மழை பெய்து விட்டிருந்தது. ஸ்டீரிங்கை மேசை விளிம்பில் திருகி இறுக்கினேன், மிதிகளைக் கீழே வைத்து, நழுவாமலிருக்கப் பின்னால் ஒரு அம்மிக் குழவியைக் கிடத்தினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். பெட்டியின் விசிறிகள் சிவப்பாகி, நீலமாகி, பச்சையாகின. அத்தான் கம்பை ஊன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கி ஸ்டீரிங்கின் மேல் வைத்தார். அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஐப்பசி மாலை, மழை விட்ட நேரம், மூன்று பக்கமும் நெற்பயிர். இந்தப் பகுதியில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் வயலிலிருந்து கிளம்பி வெளிச்சத்தைத் தேடி வரும் நாட்கள் அவை. அந்த வாரங்களில் விளக்கு வைத்தபின் ஒன்றரை மணி நேரம் வீடுகளில் உள் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வெளியே ஒரே ஒரு பல்பைப் போட்டு, அதற்குக் கீழே ஒரு அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் வைப்பார்கள். பூச்சி அங்கே போய் விழும். வேளாண்மை அலுவலகத்தில் இதையே விளக்குப் பொறி என்பார்கள். எங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி வருடா வருடம் செய்தி வரும், நானே திருத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஏழு நிறத்தில் ஒளிர்ந்து, அதோடு மூன்று விசிறியால் காற்றை உள்ளே இழுக்கிற ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, வயலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன்.

கண்ணாடிக்குள் பச்சை நிறத்தில் ஒன்று குவிந்துகொண்டிருந்தது. அக்கா ஓடி வந்து யுபிஎஸ்ஸிலிருந்து பிளக்குகளைப் பிடுங்கினாள். விளக்கு போடாத கூடத்து இருட்டில் அவள் குரல் வந்தது:

"ஏன்டா, ஆராய்ச்சி பண்ணி ஆராய்ச்சி பண்ணி ஊட்டுக்குள்ள வெளக்குப் பொறிய வாங்கிட்டு வந்திருக்கியேடா."

அத்தான் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தார். கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அவர் கூடத்துப் பக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. போனில் அந்தப் பஸ் வீடியோவும் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள். என்னிடம் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கடைக்காரம்மாவைப் போனில் பிடித்தேன். முதலில் சிரித்தார், பிறகு தெளிவாகச் சொன்னார்: துணியால் துடைக்கக் கூடாது, ஊதித்தான் எடுக்க வேண்டும், விளக்குகளுக்குத் தனியாக ஒரு ஒயர் போகிறது, அதைக் கழற்றிவிட்டால் விசிறி ஓடும், வெளிச்சம் வராது. அலுவலகத்தில் இன்னும் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அக்கா வீட்டில் உட்கார்ந்து, நெல் தூற்றும் சிறிய ஊதுகாற்றாடியைக் கடன் வாங்கி, விசிறி விசிறியாக ஊதினேன். அக்கா பழைய கொசுவலையை வெட்டி, பெட்டியின் முன்பக்கத்துக்கு அளவெடுத்து, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்து ஓர் உறை செய்தாள். ஒரு மடிப்புதான் இருக்கலாம், இரண்டு போட்டால் மூச்சு முட்டும் என்று கடைக்காரம்மா எச்சரித்திருந்தார். நிறமும் ஒளியும் போய், கொசுவலைச் சட்டை போட்டுக்கொண்டு, அது இருக்க வேண்டிய வீட்டுக்கு ஏற்ற பொருளாக ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணி. அக்கா அடுப்படியில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டு, விளையாட்டைத் திறந்து, நம் ஊர் நிறம் பூசிய பஸ்ஸைத் தேர்ந்து, ஒரு நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு, அத்தான் படுத்திருந்த அறை வாசலுக்குப் போனேன். வண்டி ரெடி என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார். முதலில் பெட்டியைக் குனிந்து பார்த்து, கொசுவலையைத் தடவினார். பிறகு உட்கார்ந்தார். வலது கையையும் இடது கையையும் ஸ்டீரிங்கில் வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்வதுபோலத் தலையைச் சற்று உயர்த்தினார். அங்கே கண்ணாடி இல்லை. பிறகு குனிந்து, இடது முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி, பாதத்தைக் கிளட்ச்சின் மேல் வைத்தார். முழங்காலின் மேல் வலது கையை ஊன்றி அழுத்தினார். மிதி உள்ளே போனது. முதல் கியர் விழுந்தது. எஞ்சின் சத்தம் ஸ்பீக்கரில் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

நேராகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். நான் ஒயர்களைப் பார்த்தேன், மிதியின் இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கால் முடியவில்லை போலிருக்கிறது, இரண்டு மிதிப் பெட்டியையே வாங்கியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆட்டோமேட்டிக் போட்டுத் தரட்டுமா அத்தான் என்று கேட்க வாயெடுத்தேன்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் தோசைக் கரண்டி. அவரை ஒரு கணம் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த விதத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தஞ்சாவூருக்குப் போகும்போதெல்லாம் ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் இருக்கும் அந்த முதல் சீட்டில்தான் அவள் உட்காருவாள். கரண்டியால் இரும்பு பீரோவை இரண்டு முறை தட்டினாள்.

"ரைட். போலாம்."

அத்தான் முழங்காலிலிருந்து கையை மெல்ல எடுத்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்தது. அவர் மறுபடி முழங்காலை அழுத்தி, எஞ்சினைப் போட்டு, கியரைப் போட்டு, காத்திருந்தார். அக்கா மறுபடி தட்டினாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை பஸ் நகர்ந்தது.

"அன்னிக்கும் ரெண்டு விசில் கேட்டுச்சு மாப்ள" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா கேட்டுச்சு. காலுதான் போவல."

அதற்குள் இரண்டாவது கியருக்குப் போயிருந்தார். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் வலது கை ஸ்டீரிங்கிலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து ஸ்டீரிங்குக்கும் போய் வந்தது, இடது கை கியர் கம்பைத் தள்ளியது. அந்த வேலை பார்க்கச் சுலபமாக இல்லை. ஆனால் திரையில் பஸ் குலுங்கவில்லை. உள்ளே நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்காமலே நிற்கலாம் என்கிற மாதிரி போனது. வளைவுகளில் ஹாரன் அடித்தார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்துவிட்டு, அந்த லாரியில் இல்லாத ஓட்டுநரைக் குறை சொன்னார்.

நிறுத்தங்களில் நின்றார். ஏறவோ இறங்கவோ ஆள் இருக்கிறதோ இல்லையோ, நின்றார். ஒவ்வொரு முறையும் அக்கா பீரோவைத் தட்டிய பிறகுதான் எடுத்தார். நான்காவது நிறுத்தத்தில் அவள், "கல்லு காயுதுங்க, நீங்களா எடுத்துக்கங்க" என்று உள்ளிருந்து சொன்னாள். எடுக்கவில்லை. வந்து தட்டிவிட்டுப் போனாள்.

அப்புறம், நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில், இரண்டு பக்கமும் மரங்கள் மட்டும் நின்ற ஒரு நேர்ச்சாலையில், பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். கியரை எடுத்தார். கை பிரேக் போட்டார். எஞ்சினை அணைத்தார். ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கொரடாச்சேரி நினைவுக்கு வந்தது. அக்காவும் எஞ்சின் சத்தம் நின்றதைக் கேட்டு, கரண்டியோடு ஓடி வந்தாள். அவர் கூடத்துக்கு வராத அந்த நாட்கள் அவள் முகத்தில் இருந்தன.

"என்னங்க?"

அத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டு சாத்தியாச்சு" என்றார். "சாப்பாட்டக் கொண்டா."

அக்கா உள்ளே போனாள். போனவள் ஒரு நிமிடம் வரவில்லை; தோசை ஒன்று கருகும் வாசனை வந்தது. பிறகு இரண்டு தட்டுகளோடு வந்தாள். ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அவருடையதை நேராகக் கொடுக்கவில்லை. நாற்காலியைச் சுற்றிப் போய், ஓட்டுநர் ஜன்னல் இருக்க வேண்டிய அவருடைய வலது பக்கத்தில் நின்று நீட்டினாள்.